லாக்கர் கேட்டால் பாலிசி ஏன்? வங்கிகளின் வருமானக் கணக்கு

நகை வைக்க லாக்கர் கேட்டுப் போனால், "அப்படியே ஒரு பாலிசியும் போட்டுக்கோங்க சார்" என்கிறார் வங்கி மேனேஜர். லாக்கருக்கும் பாலிசிக்கும் என்ன சம்பந்தம்? வங்கி எப்படிச் சம்பாதிக்கிறது என்று பார்த்தால் விளங்கும்.

வட்டியில் வருவது

சேமிப்புக் கணக்கில் 100 ரூபாய் போடுகிறோம். அதில் 3 ரூபாயை வங்கி ரிசர்வ் வங்கியிடம் வைக்க வேண்டும். அதற்கு வட்டி கிடையாது. 18 ரூபாயை அரசுக் கடன் பத்திரம் போன்றவற்றில் போட வேண்டும். கடன் கொடுக்க மிஞ்சுவது 79 ரூபாய். 2025 ஜூனில் பெரிய வங்கிகள் பலவும் சேமிப்பு வட்டியை 2.5 சதவீதமாகக் குறைத்தன. வீட்டுக் கடனுக்கு அவை வாங்கும் வட்டி ஏறக்குறைய அதன் மூன்று மடங்கு. இந்த வித்தியாசமே வங்கியின் முக்கிய வரும்படி. ஆனால், வாங்கியவர் கட்டாமல் போனால் முதலுக்கே மோசம்.

கட்டணத்தில் வருவது

சேவைக் கட்டணத்தில் அந்தப் பயம் இல்லை. வந்த பணம் வந்ததுதான். கடன் பரிசீலனைக் கட்டணம், லாக்கர் வாடகை, வங்கி உத்தரவாதம், டாலர் மாற்றும்போது வைக்கும் லாபம் எல்லாம் இந்த வகை. இலவச வரம்பைத் தாண்டி ஏடிஎம்மில் பணம் எடுத்தால், 2025 மே முதல் ஒரு முறைக்கு 23 ரூபாய் வரை பிடிக்கலாம், வரி தனி. கிரெடிட் கார்டு தேய்த்தால் கடைக்காரர் கொடுக்கும் கமிஷனிலும் வங்கிக்குப் பங்கு உண்டு. யுபிஐ, ரூபே டெபிட் கார்டு இரண்டிலும் 2020 ஜனவரி முதல் அந்தக் கமிஷன் இல்லை.

கமிஷனில் வருவது

காப்பீட்டு நிறுவனத்தின் பாலிசியை விற்றுக் கொடுத்தால் வங்கிக்குக் கமிஷன். பிறகு இழப்பீடு கொடுப்பது காப்பீட்டு நிறுவனத்தின் பாடு. மியூச்சுவல் ஃபண்டிலும் இப்படித்தான்: வங்கி மூலம் வாங்கும் 'ரெகுலர்' திட்டத்தில் முதலீடு இருக்கும்வரை கமிஷன் போய்க்கொண்டிருக்கும். அது இல்லாத 'டைரக்ட்' திட்டம் 2013 முதல் இருக்கிறது. கவுன்ட்டரில் அதை யாரும் சொல்ல மாட்டார்கள்.

லாக்கருக்காக வங்கி கேட்கக்கூடிய டெபாசிட்டுக்கும் அளவு உண்டு: மூன்றாண்டு வாடகையும், பூட்டை உடைத்துத் திறக்கும் செலவும். பாலிசி அந்தக் கணக்கில் வராது. மறுக்க முடியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா? பாலிசிப் பத்திரம் கைக்கு வந்த 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம்.