உணவியல் வல்லுநரின் பணிநேரத்தை அளத்தல்: முறைகளும் எல்லைகளும்

முன்னுரை

மருத்துவமனையில் உணவியல் வல்லுநர் எத்தனை பேர் தேவை என்னும் வினாவிற்கு நோயாளிகளின் எண்ணிக்கை மட்டும் விடை தராது. படுக்கையருகே அவர் செலவிடும் நேரம் கண்ணுக்குத் தெரிகிறது. ஆய்வக முடிவுகளைப் படித்தல், குழாய்வழி உணவின் அளவைக் கணக்கிடுதல், செவிலியரோடு கலந்துபேசுதல், சமையற்கூடத்திற்கு அறிவுறுத்தல் ஆகியவற்றிற்கான நேரம் தெரிவதில்லை. அதனை அளக்கும் முறைகளை இக்கட்டுரை விளக்குகிறது.

பணிகளை வகைப்படுத்தல்

அளவீட்டிற்கு முன் வகைப்பாடு வேண்டும். அமெரிக்க உணவியல் சங்கம் 2003இல் ஏற்ற ஊட்டப் பராமரிப்பு நடைமுறை மதிப்பீடு, ஊட்டச் சிக்கலைக் கண்டறிதல், இடையீடு, கண்காணிப்பு என நான்கு படிநிலைகளை உடையது. இவற்றுள் நோயாளியின் முன்னிலையில் நிகழ்வன நேரடிப் பராமரிப்பு. அவர்பொருட்டுப் பிறவிடத்தில் நிகழ்வன மறைமுகப் பராமரிப்பு. நிருவாகம், பயிற்றுவித்தல், ஓய்வு ஆகியன தனி வகைகளாகும். ஒரே செயல் இரு வகைகளுள் அடங்குமாயின் முடிவுகளை ஒப்பிட இயலாது.

அளவீட்டு முறைகள்

முதலாவது, தொடர் நோக்கீடு. நோக்குநர் உடனிருந்து ஒவ்வொரு செயலின் கால அளவையும் பதிவு செய்வார். இது நுட்பமானது, எனினும் செலவு மிகுதி. நோக்கப்படுகிறோம் என்னும் உணர்வே பணியின் போக்கை மாற்றவும் கூடும்.

இரண்டாவது, பணி மாதிரி முறை. டிப்பெட் என்னும் புள்ளியியலாளர் 1930களில் பிரித்தானியப் பஞ்சாலைத் தொழிலில் இதனை உருவாக்கினார். தற்செயலாகத் தெரிந்தெடுத்த கணங்களில் நிகழும் செயல் மட்டும் குறிக்கப்படும். பணிநேரத்தில் பாதியளவு கொள்ளும் ஒரு செயலை, 95 விழுக்காடு நம்பக அளவில், 5 விழுக்காட்டுப் புள்ளிப் பிழை எல்லைக்குள் மதிப்பிட ஏறத்தாழ 385 நோக்கீடுகள் தேவை. பிழை எல்லையைப் பாதியாக்கினால் நோக்கீடுகள் நான்கு மடங்காகும்.

மூன்றாவது, தற்பதிவு. வல்லுநரே தம் நேரத்தைக் குறிப்பதால் செலவு குறைவு. ஆயின், நாள் முடிவில் நினைவிலிருந்து எழுதும்போது சிறு இடையீடுகளும் தொலைபேசி உரையாடல்களும் விடுபட வாய்ப்புண்டு.

கணக்கீடும் அதன் எல்லையும்

புதிய நோயாளி ஒருவருக்கு நேரடியாக 30 நிமிடமும் மறைமுகமாக 20 நிமிடமும் தேவை எனக் கொள்க. நோயாளிகளுக்கென 420 நிமிடம் இருப்பின், நேரடி நேரத்தை மட்டும் எண்ணும் கணக்கு 14 பேரைக் காட்டும். முழுநேரக் கணக்கோ 8 பேரையே காட்டும். எஞ்சிய 6 பேருக்கு உரிய மதிப்பீடு தாளில் மட்டுமே நிகழும்.

மேலும், அளக்கப்படுவது நிகழ்ந்த பணியேயன்றி நிகழ்ந்திருக்க வேண்டிய பணியன்று. ஆள் பற்றாக்குறையால் 15 நிமிடத்தில் முடிக்கப்பட்ட ஆலோசனை அளவுகோலாக்கப்பட்டால், பற்றாக்குறையே விதியாகிவிடும். உலகச் சுகாதார நிறுவனம் 1998இல் வெளியிட்டு 2010இல் திருத்திய பணிச்சுமைக் குறியீட்டு முறை, பயிற்சி பெற்ற பணியாளர் தொழில்தரத்திற்கேற்பச் செய்ய வேண்டிய நேரத்தையே அடிப்படையாகக் கொள்கிறது.

முடிவுரை

தெளிவான வகைப்பாடு, போதிய நோக்கீடுகள், தொழில்தரத்தோடு ஒப்பிடல் ஆகிய மூன்றும் இணையும்போதே நேர அளவீடு பணியிடங்களை வரையறுக்கும் சான்றாகும். தரத்தோடு ஒப்பிடாத அளவீடு, நிலவும் குறையையே மீண்டும் எண்ணிக் காட்டும்.