உங்களுக்குத் தெரியுமா? கரண்ட் பில்லும் சட்டப்பேரவையும்

★ மின்கட்டணம் ஏறினால் பேரவையில் அமளி, வெளிநடப்பு எல்லாம் நடக்கும். ஆனால் கட்டணத்தை நிர்ணயிப்பது பேரவையும் அல்ல, அமைச்சரும் அல்ல. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். 1999 முதல் இருக்கிறது.

★ மின்வாரியம் கட்டண மனு போட்டால் அதன் சுருக்கத்தை வெளியிட வேண்டும். ஆட்சேபங்களைப் பரிசீலித்து 120 நாளுக்குள் ஆணையம் உத்தரவு போட வேண்டும் என்கிறது 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம். 2022 ஜூலையில் மனு வந்தது. செப்டம்பர் 10 முதல் புதுக் கட்டணம். இடையில் கோவை, மதுரை, சென்னையில் கருத்துக்கேட்புக் கூட்டம். நாகர்கோவில்காரர் நேரில் ஆட்சேபம் சொல்ல மதுரைக்கு பஸ் பிடிக்க வேண்டும்!

★ மனுவே வராவிட்டால் கட்டணம் ஏறாது என்று நினைக்காதீர்கள். அப்படி இழுத்தடித்தால் ஆணையமே தானாக முன்வந்து கட்டணத்தை நிர்ணயிக்கலாம் என்று 2011 நவம்பரில் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. தமிழ்நாட்டில் 2014 டிசம்பரில் 15 சதவீத உயர்வு வந்தது இந்த வழியில்தான்.

★ பேரவையின் உண்மையான பிடி பணத்தில் இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று 2016இல் அரசு அறிவித்தது. அதற்கான மானியத்தை அரசு முன்கூட்டியே செலுத்த வேண்டும். செலுத்தாவிட்டால் ஆணையம் நிர்ணயித்த முழுக் கட்டணமே செல்லும் என்கிறது சட்டத்தின் 65ஆவது பிரிவு. அந்தப் பணத்துக்கு ஒப்புதல் தருவது பேரவை.

★ ஆணையத்தின் ஆண்டறிக்கை, தணிக்கையான கணக்கு, அது இயற்றும் விதிமுறைகள் மூன்றும் பேரவையில் வைக்கப்பட வேண்டும். ஆனால் விவாதித்தே ஆக வேண்டும் என்று மின்சாரச் சட்டத்தில் இல்லை. பெரிய ஓட்டை இதுதான்.

★ இலங்கையில் கதையே வேறு. அங்கே மின்கட்டணத்துக்கு ஒப்புதல் தருவது பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு. அதன் தலைவரை நீக்க நாடாளுமன்றத்தின் தீர்மானம் வேண்டும். 2023 பிப்ரவரியில் மின்கட்டணம் சராசரியாக 66 சதவீதம் ஏறியது. தலைவர் ஜனக ரத்நாயக்க எதிர்த்தார். மற்ற உறுப்பினர்கள் ஒப்புதல் தந்தார்கள். மே 24 அன்று அவரை நீக்கும் தீர்மானம் நாடாளுமன்றத்துக்கு வந்தது. ஆதரவு 123, எதிர்ப்பு 77. பதவி போயிற்று. உயர்வை எதிர்த்தவர் மேல் இவ்வளவு வேகமாகக் கண்காணிப்பு பாய்ந்தால், அடுத்து வருபவர் வாய் திறக்க யோசிக்கத்தானே செய்வார்?

★ ஆனாலும் அந்த ஆணைக்குழு ஓய்ந்துவிடவில்லை. கட்டணத்தை மாற்ற வேண்டாம் என்று மின்சார சபை சொன்னபோதும், 2025 ஜனவரியில் சராசரியாக 20 சதவீதம் குறைத்தது.

★ இந்தியாவில் மாநில ஆணைய உறுப்பினரை நீக்கும் அதிகாரம் அரசுக்குத்தான். முறைகேட்டுப் புகார் என்றால் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத் தலைவர் விசாரிப்பார். பேரவைக்கு அதில் ஓட்டு இல்லை.

★ அடுத்த கட்டண மனு வரும்போது ஆட்சேபத்தை எழுத்திலும் அனுப்பலாம். கையோடு உங்கள் எம்.எல்.ஏ.விடம் ஒன்று கேளுங்கள்: ஆணையத்தின் கடைசி ஆண்டறிக்கை எந்தத் தேதியில் பேரவைக்கு வந்தது?