பாடியில் பிளஸ் உள்ள கார்கள்

டைனமோ காலத்து அம்பாசிடர் ஒன்றின் பேட்டரியைப் பிளஸ் மைனஸ் மாற்றி மாட்டிவிட்டால், வண்டி பெரும்பாலும் ஸ்டார்ட் ஆகிவிடும். ஹெட்லைட் எரியும், ஹார்ன் அடிக்கும், செல்ஃப் மோட்டார் சரியான பக்கமே சுற்றும். மாட்டியவருக்குத் தவறு செய்ததே தெரியாது. இன்றைய காரில் இதைச் செய்தால் அந்த நொடியே தீப்பொறி பறந்து ஃபியூஸ் போய்விடும். பழைய வண்டி அப்படி உடனே காட்டிக்கொடுக்காது. கெடுதல் உள்ளே நடக்கும், வெளியே தெரிய நாளாகும். பழைய கார்களை மீட்டெடுத்து ஓட்டும் ஆசை பரவிவரும் இந்நாளில், இந்த விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகத் தெரிந்துகொள்வது அவசியம் என்று நினைக்கிறேன்.

கொச்சியில் அந்த ஆசை நன்றாகவே தெரிகிறது. சேலத்தில் தொடங்கி கோவை, பாலக்காடு, திருச்சூர் வழியாக வரும் பழைய 47-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை (இப்போது 544) ஆலுவாவைத் தாண்டியதும் களமசேரியைத் தொடுகிறது. எச்.எம்.டி., பக்கத்து ஏலூரில் ஃபாக்ட் உரத் தொழிற்சாலை என்று ஆலைகளால் வளர்ந்த வட்டாரம் அது. அந்த நாட்களில் இந்தச் சாலையில் ஓடிய அம்பாசிடர்களிலும் ஃபியட்களிலும் தப்பிப் பிழைத்தவை இன்று கல்யாண ஊர்வலத்துக்கும் மட்டாஞ்சேரிப் படப்பிடிப்புக்கும் அலங்காரமாக வந்து நிற்கின்றன. கடல் காற்றும் நீண்ட மழைக்காலமும் உள்ள ஊர் என்பதால் டெர்மினல்களில் பச்சை பூத்துவிடும். மாதக்கணக்கில் ஷெட்டில் கிடந்த வண்டிக்குப் பேட்டரி இறங்கிவிடும். ஆகவே பேட்டரியைக் கழற்றுவதும் மாட்டுவதும் இங்கே அடிக்கடி நடக்கிற வேலை.

காரில் ஒவ்வொரு விளக்குக்கும் இரண்டு வயர் இழுப்பதில்லை. ஒரு வயர் மட்டும் போகும். திரும்பி வரும் பாதை காரின் இரும்புப் பாடிதான். பேட்டரியின் ஒரு முனையைத் தடித்த பட்டையால் பாடியோடு முடுக்கிவிடுவார்கள். இதற்குப் பெயர் எர்த். எந்த முனையை எர்த் செய்வது என்பதில்தான் கார் கம்பெனிகள் பிரிந்து நின்றன. 1930-களின் பிற்பகுதியிலிருந்து இங்கிலாந்தின் லூகாஸ் நிறுவனம் பிளஸ்ஸை எர்த் செய்யும் முறையைக் கொண்டுவந்தது. ஆங்கிலேயக் கார்களின் மின்சாமான்களில் பெரும்பகுதி லூகாஸுடையது என்பதால் மாரிஸ், ஆஸ்டின் எல்லாம் அவ்வழியே போயின. மாரிஸ் ஆக்ஸ்போர்டு சீரீஸ் 3-இன் அச்சாக 1958-இல் உத்தர்பாராவில் பிறந்த அம்பாசிடர் அதே பாசிட்டிவ் எர்த்தோடு வந்தது. சென்னையில் 1961-இல் வந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டின் மூலமான ட்ரையம்ஃப் ஹெரால்டும் தொடக்கத்தில் அப்படித்தான். பம்பாயில் பிரீமியர் தயாரித்த ஃபியட் 1100 இத்தாலியக் குடும்பம், அதில் மைனஸ்தான் எர்த். ஒரே டாக்சி ஸ்டாண்டில் அடுத்தடுத்து நின்ற இரண்டு வண்டிகளில் ஒன்றின் பாடி பிளஸ்ஸாகவும் மற்றதன் பாடி மைனஸாகவும் இருந்திருக்கிறது.

லூகாஸ் ஏன் பிளஸ்ஸைத் தேர்ந்தெடுத்தது? இரண்டு காரணம் சொல்வார்கள். ஈரத்தின் வழியே மின்சாரம் கசியும்போது பிளஸ் பக்கத்து உலோகம்தான் கரையும். மெல்லிய செம்பு வயர் பிளஸ்ஸாக இருந்தால் அது அரித்து அறுந்துபோகும். பிளஸ்ஸைப் பருத்த பாடிக்குக் கொடுத்துவிட்டால் வயர் தப்பிக்கும். தொலைபேசி எக்ஸ்சேஞ்சுகளில் இன்றும் 48 வோல்ட் பேட்டரியின் பிளஸ்ஸை எர்த் செய்வதற்கு இதுவே காரணம். மண்ணுக்குள் கிடக்கும் கேபிளைக் காப்பாற்ற அது நல்ல வழி. இரண்டாவது காரணம் ஸ்பார்க். பிளக்கின் நடுக்கம்பி சூடானது. சூடான உலோகத்திலிருந்து எலக்ட்ரான்கள் எளிதாகக் கிளம்பும். ஆகவே நடுக்கம்பி மைனஸாக இருந்தால் குறைந்த வோல்டேஜிலேயே பொறி தாண்டும். இயற்பியல் சரிதான். ஆனால் இக்னிஷன் காயிலின் இரண்டு வயர்களை இடம் மாற்றினாலே நடுக்கம்பியை மைனஸ் ஆக்கிவிடலாம், அதற்காகக் காரின் எர்த்தையே மாற்ற வேண்டியதில்லை. முதல் காரணத்துக்கு இருக்கிற வலு இதற்கு இல்லை என்பது என் எண்ணம்.

சரி, பேட்டரியைத் திருப்பி மாட்டினால் என்னென்ன நடக்கிறது?

பல்புக்குத் திசை கிடையாது, இழை சூடானால் போதும். ஹார்னில் இருப்பது மின்காந்தம், அதற்கும் கவலையில்லை. செல்ஃப் மோட்டாரின் வெளிச்சுற்றும் ஆர்மேச்சரும் ஒரே மின்னோட்டத்தில் தொடராக உள்ளவை. திசை மாறினால் இரண்டின் காந்தமும் சேர்ந்தே மாறும், அதனால் சுழற்சி மாறாது. நிலைக்காந்தம் வைத்த பிற்காலத்துச் சின்ன மோட்டார்கள் மட்டும் எதிர்ப்பக்கம் சுற்றும்.

இக்னிஷனில் முதல் கெடுதல். காயிலுக்குள் மின்சாரம் எதிர்த்திசையில் போவதால் பிளக்கின் நடுக்கம்பி இப்போது பிளஸ் ஆகிவிடுகிறது. பொறி தாண்டக் கூடுதல் வோல்டேஜ் வேண்டும். புதுப் பிளக், நல்ல காயில் என்றால் சமதரையில் ஒன்றும் தெரியாது. மழைநாள் காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். நேரியமங்கலம் தாண்டி மூணாறு ஏற்றத்தில் முழு ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது மிஸ்ஸிங் வரும். கார்புரேட்டரைப் பிரிப்பார்கள், பாயிண்ட் மாற்றுவார்கள், கோளாறு மட்டும் போகாது.

டைனமோவில் நடப்பது இன்னும் மோசம். தன் இரும்பில் மிச்சமிருக்கும் சிறிய காந்தத்தை வைத்தே அது மின்சாரம் உண்டாக்கத் தொடங்கும். மின்சாரம் எந்தத் திசையில் வரும் என்பதை அந்த மிச்சக் காந்தமே தீர்மானிக்கிறது. பேட்டரியைத் திருப்பிய பிறகும் டைனமோ பழைய திசையிலேயே உற்பத்தி செய்யும். எஞ்சின் வேகமெடுத்து டைனமோ சுமார் 13 வோல்ட்டைத் தொட்டதும், அதைப் பேட்டரியோடு இணைக்கும் தானியங்கி சுவிட்சான கட்-அவுட் மூடிக்கொள்ளும். கட்-அவுட்டின் காந்தச் சுருளுக்குத் திசை தெரியாது. அப்போது டைனமோவும் பேட்டரியும் ஒன்றையொன்று எதிர்த்து நிற்பதற்குப் பதிலாகத் தொடராகச் சேர்ந்து, ஏறத்தாழ 25 வோல்ட் ஒரு சிறிய சுற்றுக்குள் பாயும். கட்-அவுட்டின் பாயிண்ட்கள் கருகும் அல்லது ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டால் எஞ்சினை நிறுத்திய பிறகும் பேட்டரி டைனமோவுக்குள் வடிந்துகொண்டே இருக்கும், வயர் உருகும்வரைகூட.

ஆம்பியர் மீட்டர் உள்ள வண்டியானால் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. எஞ்சின் நின்றிருக்கும்போது ஹெட்லைட்டைப் போடுங்கள். முள் மைனஸ் பக்கம், அதாவது டிஸ்சார்ஜ் பக்கம், சாய வேண்டும். சார்ஜ் பக்கம் சாய்ந்தால் பேட்டரி திரும்பியிருக்கிறது, அல்லது யாரோ முன்பு வயரிங்கில் கை வைத்திருக்கிறார்.

டைனமோவின் இடத்துக்கு ஆல்டர்னேட்டர் வந்த பிறகு கதை மாறியது. அதில் ஆறு சிலிக்கான் டயோடுகள் உண்டு. அவை மின்சாரத்தை ஒரு திசையில் மட்டுமே விடும். பேட்டரி திரும்பினால் அத்தனை டயோடும் ஒரே நேரத்தில் திறந்த கதவாகிவிடும். பேட்டரிக்கு அது நேரடி ஷார்ட். கண் இமைக்குமுன் டயோடுகள் போய்விடும். அமெரிக்க ஃபோர்டு கார்கள் 1956 மாடலில் 12 வோல்ட்டுக்கு மாறும்போதே மைனஸ் எர்த்துக்கு வந்துவிட்டன. ஆங்கிலேயக் கார்கள் 1960-களில் மாறின. நம் அம்பாசிடர் 2014 வரை உற்பத்தியில் இருந்ததால் இரண்டு முறையையும் கண்டது. 'அம்பாசிடர்தானே' என்று எண்ணிப் பேட்டரியைத் தொடக்கூடாது. அந்தக் குறிப்பிட்ட வண்டியின் எர்த் பட்டை எந்த முனையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பேட்டரியின் பிளஸ் முனை மைனஸைவிடச் சற்றுத் தடிமனாக இருக்கும். கிளாம்ப் இழுத்துப் பிடித்து மாட்டியதுபோலவோ லொடலொடவென்றோ இருந்தால் சந்தேகப்படுங்கள்.

'முதலில் மைனஸைக் கழற்று' என்று இன்று எல்லாரும் சொல்கிறார்கள். விதியின் உண்மையான வடிவம், முதலில் எர்த்தைக் கழற்று, மாட்டும்போது எர்த்தைக் கடைசியில் மாட்டு என்பது. பாசிட்டிவ் எர்த் வண்டியில் மைனஸை முதலில் தொட்டால், ஸ்பேனரின் மறுமுனை பாடியில் பட்ட அந்தக் கணமே முழு பேட்டரியும் ஷார்ட். சார்ஜ் ஏறிய பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் கிளம்பும், பொறி பட்டால் வெடிக்கும்.

ஜம்ப் ஸ்டார்ட்டிலும் இதே கண்ணி. பாசிட்டிவ் எர்த் அம்பாசிடருக்கு நெகட்டிவ் எர்த் காரிலிருந்து உயிர் கொடுக்கலாம், பிளஸ்ஸுக்குப் பிளஸ், மைனஸுக்கு மைனஸ் என்று பேட்டரி முனைகளிலேயே கேபிள் மாட்டினால். ஆனால் இரண்டு பம்பரும் உரசக்கூடாது. ஒரு பாடி பிளஸ், மறுபாடி மைனஸ். உரசினால் இரண்டு பேட்டரியின் பலமும் அந்தக் குரோம் பூச்சின் வழியே பாயும்.

முற்றிலும் இறங்கிய பேட்டரியைச் சார்ஜரில் தலைகீழாக மாட்டினால் அது தலைகீழாகவே சார்ஜ் ஏறும் என்பதும் பலருக்குத் தெரியாது. ஈய டை ஆக்சைடு பூசிய பழுப்புத் தகடு பஞ்சு ஈயமாகவும், சாம்பல் நிறப் பஞ்சு ஈயத் தகடு டை ஆக்சைடாகவும் மாறத் தொடங்கும். பெட்டியில் பிளஸ் என்று அச்சிட்டிருக்கும் இடம் மைனஸாக இருக்கும். பழைய வண்டிக்குப் பேட்டரி மாட்டுமுன் வோல்ட் மீட்டர் வைத்துப் பார்ப்பது இதனால்தான். பல்பில் முழுதாக வடியவிட்டு நேராகச் சார்ஜ் ஏற்றினால் மீளும், ஆயுள் குறைந்தே மீளும்.

எஃப்.எம். செட்டும் எல்.இ.டி. விளக்கும் வைப்பதற்காகப் பாசிட்டிவ் எர்த்தை மாற்றுகிறவர்கள் நிறைய. அரைகுறையாக மாற்றிய வண்டிகள்தான் மெக்கானிக்கை அலைக்கழிக்கின்றன. பேட்டரியைத் திருப்பினால் மட்டும் போதாது. காயிலின் இரண்டு வயர்களையும் ஆம்பியர் மீட்டரின் இரண்டு வயர்களையும் மாற்ற வேண்டும். டைனமோவின் மிச்சக் காந்தத்தையும் திருப்ப வேண்டும். அதற்கு, டைனமோவிலிருந்து வயர்களைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் எர்த் அல்லாத முனையிலிருந்து ஒரு வயரை எஃப் என்று குறித்த டெர்மினலில் ஓரிரு நொடி, சில தடவை தொட்டு எடுத்தால் போதும். எஞ்சின் ஓடாதபோது, கட்-அவுட் பக்கம் போகாமல் செய்ய வேண்டியது அது. பிறகு பேட்டரித் தட்டுக்குப் பக்கத்தில், அடுத்து வருகிறவர் கண்ணில் படும்படி, எர்த் மைனஸ் என்று பெயிண்டில் எழுதிவையுங்கள்.