நீ யாராக இருக்க விரும்புகிறாய்?

சென்ற மாதம் ஒரு நாள் மஃரிபுத் தொழுகை முடிந்ததும், ஜவுளி வியாபாரியான ஒரு நண்பர் கல்லூரியில் பயிலும் தம் மகனை அழைத்து வந்து என் முன் நிறுத்தினார். "ஹஜ்ரத்! இவனுக்கு நீங்கள்தான் புத்தி சொல்ல வேண்டும். வீட்டிற்கு வந்தால் கம்ப்யூட்டரே கதி. வாளும் குதிரையுமாக ஒரே சண்டை. அதைத் தூக்கி எறிந்துவிடலாம் என்றிருக்கிறேன்" என்றார். மகன் தலை குனிந்து நின்றான். தந்தைக்கும் மகனுக்கும் பேச்சுவார்த்தை குறைந்து பல மாதங்களாகிவிட்டன என்பது அவர்கள் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

பார்க்காமல் தீர்ப்புச் சொல்வது நீதியாகாது. ஆதலால் மறுநாள் அவர்கள் இல்லத்திற்குச் சென்று, அவனருகில் அமர்ந்து அந்த ஆட்டத்தைப் பார்த்தேன். தந்தையையும் உடன் அமரச் செய்தேன்.

அங்காராவில் பிறந்த ஆட்டம்

அந்த ஆட்டத்தின் பெயர் 'மவுண்ட் அண்ட் பிளேடு: வார்பேண்ட்'. துருக்கியின் தலைநகரான அங்காராவில் இயங்கும் டேல்வேர்ல்ட்ஸ் நிறுவனத்தின் படைப்பு இது. அர்மகான் யாவுஸ், இபெக் யாவுஸ் என்னும் கணவனும் மனைவியும் தொடங்கிய முயற்சி அது. முதல் ஆட்டம் 2008-லும், வார்பேண்ட் 2010-லும், அடுத்த பெரும் படைப்பான பேனர்லார்டு முழு வடிவில் 2022-லும் வெளிவந்தன.

கல்ராடியா என்னும் கற்பனை நாட்டில், மத்திய காலச் சூழலில் ஆட்டம் நிகழ்கிறது. இன்ன வழியில்தான் செல்ல வேண்டும், இன்னாரைத்தான் வெல்ல வேண்டும் என்ற கட்டளை எதுவும் அதில் இல்லை. வணிகராகலாம், ஓர் அரசரிடம் படைத்தலைவராகலாம், தனி அரசும் அமைக்கலாம். தனியாள் ஆட்டத்தில் எதிரே மற்றொரு மனிதர் அமர்ந்து ஆடுவதுமில்லை. ஆடுபவர் ஒருவரே. அவர் தம் விருப்பப்படி அமைத்துக்கொள்வதற்கு அளிக்கப்பட்டுள்ள வசதிகள்தாம் இதன் உயிர்நாடி.

முதலில் வரும் கேள்விகள்

ஆட்டம் தொடங்குமுன் சில கேள்விகள் கேட்கப்படுகின்றன. நீ ஆணா, பெண்ணா? உன் தந்தை யார்? வறுமையுற்ற பிரபுவா, ஊர் ஊராய்ச் செல்லும் வணிகரா, பழைய போர்வீரரா, வேட்டைக்காரரா, நாடோடியா, திருடனா? உன் குழந்தைப் பருவம் எங்கே கழிந்தது? இளமையில் என்ன செய்தாய்? இறுதியாக, எதனால் வீட்டை விட்டுப் புறப்பட்டாய்? பழிவாங்கவா, அன்புக்குரியவரை இழந்ததாலா, ஊர் சுற்றும் ஆசையாலா, வீட்டிலிருந்து துரத்தப்பட்டதாலா, பணமும் பதவியும் தேடியா? ஒவ்வொரு விடைக்கும் ஏற்ப உடல் வலிமையும் அறிவும் திறமைகளும் மாறுகின்றன. பெண்ணாகவோ எளிய குடியிலோ பிறந்தவராகத் தொடங்கினால் பிரபுக்களிடம் மதிப்புப் பெறுவது கடினம். அந்தத் தடைகளைத் தாண்டி உயர்வதும் ஒரு பாடம்தான்.

"நீ எதைத் தேர்ந்தெடுத்தாய்?" என்று அந்த இளைஞனிடம் கேட்டேன்.

"வணிகருடைய மகன், ஹஜ்ரத். எங்கள் அத்தாவும் வியாபாரிதானே" என்றான். தந்தையின் முகத்தில் ஒரு மலர்ச்சி தோன்றியது.

"வீட்டை விட்டு ஏன் புறப்பட்டாய்?"

அவன் சிறிது தயங்கினான். "துரத்தப்பட்டதாக" என்றான். பிறகு அவனும் பேசவில்லை. அவன் தந்தையும் பேசவில்லை.

மாற்றியமைக்கும் வசதி என்பது ஆட்டத்தின் வெளி அலங்காரமன்று என்பதை அந்த ஒரு விடை எனக்கு உணர்த்திற்று. மனத்தில் இருப்பது கையில் வருகிறது. வாயால் சொல்லத் துணியாததை இளைஞர்கள் இத்தகைய தேர்வுகளில் சொல்லிவிடுகிறார்கள். கேட்பதற்குத்தான் அருகில் ஆள் இருப்பதில்லை.

ஹலாலும் ஹராமும்

ஆட்டத்தில் பணம் சேர்ந்ததும் நகரங்களில் தொழில்கள் நிறுவலாம். மாவரைக்கும் ஆலை, எண்ணெய்ச் செக்கு, நெசவுக்கூடம், சாயப்பட்டறை ஆகியவை உண்டு. மது வடிக்கும் தொழிலும் உண்டு. அதற்கு 2,500 தினார் போதும். சாயப்பட்டறைக்கோ 10,000 தினார் வேண்டும். அந்த இளைஞன் பல நாள் காத்திருந்து சாயப்பட்டறையையே அமைத்திருந்தான். "மது வேண்டாம் என்று விட்டுவிட்டேன்" என்றான் இயல்பாக. வீரப் போட்டிகளில் பந்தயப் பணம் கட்டலாம், கட்டாமலும் கலந்துகொள்ளலாம். கிராமத்தைச் சூறையாடலாம், அல்லது ஊர்ப் பெரியவர் கேட்கும் தானியத்தைக் கொண்டுவந்து கொடுக்கலாம். தோற்ற பிரபுவைச் சிறைப்பிடிக்கலாம்; விடுதலை செய்து நற்பெயரும் பெறலாம்.

இங்கே பாராட்டுவாரும் இல்லை, பழிப்பாரும் இல்லை. யாரும் பார்க்காத இடத்தில் ஒருவன் எதைத் தேர்ந்தெடுக்கிறான் என்பது சிறிய செய்தியன்று. ஸஹீஹ் புகாரியைத் திறப்பவர் முதலில் சந்திப்பது நிய்யத்தைப் பற்றிய நபிமொழியைத்தான் என்பதை நாம் அறிவோம்.

கடினத்தின் அளவையும் ஆடுபவரே குறித்துக்கொள்ளலாம். தம்மீது விழும் அடியின் வலிமையை நான்கில் ஒரு பங்காகக் குறைத்துக்கொள்ளலாம். தோற்றால் பழைய இடத்திலிருந்து மீண்டும் தொடங்க இயலாதவாறும் அமைத்துக்கொள்ளலாம். முன்னது, புதிதாய்க் கற்பவருக்கு உதவும். பின்னது, செய்ததன் விளைவை ஏற்கப் பழக்கும்.

இணையத்தில் பலர் கூடி ஆடும் ஆட்டங்கள் பலவற்றில், மாற்றியமைத்தல் என்றால் உண்மைப் பணம் கொடுத்து உடுப்பும் ஆயுத அலங்காரமும் வாங்குவது என்றாகிவிட்டது. இங்கே கவசத்தையும் குதிரையையும் ஆட்டத்திற்குள்ளேயே உழைத்துத் தேட வேண்டும். தந்தையின் பணப்பைக்கு வேலையில்லை.

நுகர்வோர் படைப்பாளரானால்

மாற்றும் உரிமை இன்னும் ஆழமாகச் செல்கிறது. ஆட்டத்தையே திருத்தி எழுதும் கருவிகளை அந்நிறுவனம் மக்களுக்கு வழங்கியது. பிரிட்டன் தீவுகளின் பழைய வரலாற்றை வைத்து 'பிரிடன்வால்டா' என்ற மாற்று வடிவத்தை ஆர்வலர்கள் சிலர் உருவாக்கினர். பின்னர் அக்குழுவினரே 2014-ல் 'வைக்கிங் காங்க்வெஸ்ட்' என்னும் அதிகாரபூர்வமான தொடர்ச்சியைப் படைத்தனர். ஆடிக்கொண்டிருந்தவர்கள் வரலாறு படித்து, நிரல் எழுதிப் படைப்பாளர்களானார்கள். நம் பிள்ளைகளும் இந்த வழியில் சென்றால் அது வீண் பொழுதாகாது.

எச்சரிக்கை

இவ்வளவும் சொன்னதால் இந்த ஆட்டத்திற்கு நான் நற்சான்று எழுதிவிட்டதாக எவரும் கருத வேண்டாம். இதில் வாள் சண்டையும் சாவும் உண்டு. சிறு பிள்ளைகளுக்கு இது உகந்ததன்று. துணைவர்களைச் சேர்க்க மதுக்கூடத்திற்குள் நுழைய வேண்டியிருக்கிறது. அதை மாற்ற இயலாது. இத்தகைய ஆட்டங்கள் குறித்து ஆலிம்களிடையே கருத்து வேறுபாடுகளும் உள்ளன. சதுரங்கத்தை ஷாஃபிஈ அறிஞர்கள் மக்ரூஹ் என்றனர்; ஆனால் சூது சேர்ந்தாலோ தொழுகை தவறினாலோ அது ஹராம் என்பதில் மாறுபாடில்லை. அந்த அளவுகோல் இதற்கும் பொருந்தும்.

தொழுகையைப் பொறுத்தவரை, தனியாள் ஆட்டத்தில் ஒரு வசதி உண்டு. பாங்கு ஒலித்ததும் அந்தக் கணமே நிறுத்திவிடலாம். "கூட ஆடுபவர்கள் காத்திருக்கிறார்கள்" என்ற சாக்குக்கு இடமில்லை. நிறுத்த முடியும் ஆட்டத்தை நிறுத்தாதவன், தன்னைத்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அன்றிரவு விடைபெறும்போது நான் மகனிடம் கேட்டது ஒன்றே: பாங்கு ஒலித்தால் எழ வேண்டும். தந்தையிடம் கேட்டதும் ஒன்றே: வாரத்தில் ஒரு நாளாவது அவனருகில் அமர வேண்டும்.

சென்ற வெள்ளியன்று நண்பரைக் கண்டேன். "எந்த ஊரில் கம்பளி மலிவு, எங்கே கொண்டு போய் விற்றால் லாபம் என்று நான்தான் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன், ஹஜ்ரத்" என்றார் சிரித்தபடி. சிறிது நேரம் கழித்து, தாழ்ந்த குரலில் சொன்னார்: "புதிதாக இன்னொன்று தொடங்கினான். ஊர் சுற்றும் ஆசையால் புறப்பட்டதாக இந்த முறை போட்டிருக்கிறான்."

அல்ஹம்துலில்லாஹ்!