திரைக்குள் ஓர் உலகம்: பிள்ளைகளுக்கு நன்மையா, தீமையா?

பெரிய முதலியார்சாவடிக்கு மேற்கே சில கல் தொலைவில், ஆரோவிலைச் சார்ந்த உதவி பள்ளி இடையஞ்சாவடியில் உள்ளது. சுற்றுப்புறச் சிற்றூர்ப் பிள்ளைகள் பயிலும் அப்பள்ளியில், பொறியியல் வல்லுநர் சிலர் 'ஸ்டெம் லேண்ட்' என்னும் கற்றற்கூடத்தை அமைத்தனர். 'ஸ்கிராச்', 'ஜியோஜீப்ரா' முதலியவற்றைக் கொண்டு மாணாக்கர் அங்கே தாமே விளையாட்டுகளையும் கணித வடிவங்களையும் ஆக்கக் கற்றனர். மகன் கைப்பேசியைத் தொட்டாலே கெட்டுவிட்டான் என்று கலங்கும் பெற்றோர் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும்.

இக்கருத்து நேற்றுத் தோன்றியதன்று. 1967-இல் அமெரிக்காவில் சீமோர் பேப்பர்ட் என்னும் அறிஞரும் அவர்தம் தோழர்களும் 'லோகோ' என்னும் கணிப்பொறி மொழியைச் சிறுவருக்கென உருவாக்கினர். திரையில் ஓர் ஆமை. "முன்னே செல், 90 பாகை திரும்பு" என்று நான்கு முறை கட்டளையிட்டால் அது சதுரம் வரைந்துவிடும். கட்டளை பிழையானால் ஆமை வேறு திசையில் போகும், அவ்வளவே. ஏளனம் செய்வார் இல்லை. சிறுவன் தானே பிழையைக் கண்டு திருத்துகிறான். பிரம்பின் நிழலில் வாய்ப்பாடு ஒப்பித்த நம் தலைமுறைக்கு இது வியப்பே!

எல்லா வயதினருக்கும் ஒரே உலகம் பொருந்தாது. எழுத்துக் கூட்டத் தெரியாத ஐந்து வயதுக் குழந்தைக்குப் படங்களாலேயே கட்டளையிடும் 'ஸ்கிராச் ஜூனியர்' 2014-இல் வந்தது. எட்டு வயதுக்கு மேற்பட்டோர்க்கு 2007-இல் வெளியான 'ஸ்கிராச்' ஏற்றது. ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயில்வோர்க்கு, அமிர்தா பல்கலைக்கழகமும் சி-டாக் நிறுவனமும் அமைத்த 'ஓலேப்ஸ்' என்னும் மெய்நிகர் ஆய்வுக்கூடம் உண்டு. அமிலம் சிந்தாது, குடுவை உடையாது. எத்தனை முறையும் செய்து பார்க்கலாம். ஆய்வுக்கூடமே இல்லாத ஊர்ப் பள்ளிக்கு இது பெரும் பேறு. ஆயினும் சூடான குடுவையைப் பிடிக்கும் பக்குவத்தைத் திரை கற்பிக்காது.

நம் கடற்கரையையே எடுத்துக்கொள்வோம். வடக்கே மரக்காணத்தில் உப்பளங்கள் பரந்து கிடக்கின்றன. கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்புகள் உள்ளன. நீர் சுண்டச் சுண்டக் கறியுப்புக்கு முன்னரே ஜிப்சம் படியும். ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகக் குறைந்த பின்னரே கறியுப்பு விளையத் தொடங்கும். சிறு பிள்ளைக்கு இதைத் திரையில் காட்டுவது வீண்; பாத்திக்கு அழைத்துச் சென்று, ஒரு கல்லை நாவில் வைக்கச் சொல்ல வேண்டும். ஒன்பதாம் வகுப்பு மாணவிக்கோ, பல நாள் நிகழ்வைச் சில நிமிடங்களில் சுருக்கி, கண்ணுக்குப் புலப்படாத அயனிகள் படிகமாய்க் கூடுவதைக் காட்டலாம். உப்பளத் தொழிலாளியின் மகளுக்குப் பாத்தியைப் பற்றி ஆசிரியரைவிட அதிகம் தெரியும்; அவள் அறிந்ததற்குக் காரணம் விளக்குவதே திரையின் வேலை.

இல்லத்திலோ? இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4-இல் வெளியிட்ட சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றிய ஆணை, இளைஞர் தன்னடக்கத்தோடு அவற்றைப் பயன்படுத்தவும், பெற்றோர் விழிப்பாயிருக்கவும் பணித்தது. 2025 செப்டம்பர் 7-இல் புனிதராக உயர்த்தப்பெற்ற கார்லோ அகுதிஸ் கணிப்பொறியை வெறுத்தவரல்லர். நற்கருணைப் புதுமைகளைத் தொகுத்து இணையத்தில் வெளியிட்ட இளைஞர். எனவே, "எத்தனை மணி நேரம் பார்த்தாய்?" என்பதோடு, "அதில் நீ எதை உண்டாக்கினாய்?" என்றும் பிள்ளையைக் கேட்போம். பங்கு மன்றத்தில் ஒரு கணிப்பொறி இருப்பின், சனிக்கிழமை மாலைகளில் கல்லூரி மாணவர் ஒருவர் சிறுவர் நால்வரை அமர்த்திச் சொல்லித்தரலாம்.