லயத்து வீட்டுக்குள் வெயில்

உச்சி வெயிலில் தோட்டத் தொழிலாளர்களின் பழைய லயத்து வீடு ஒன்றுக்குள் நுழைந்தால் தரையில் வட்ட வட்டமாக ஒளி கிடக்கும். தகரக் கூரையில் ஆணி கழன்ற துளைகளின் வழியே வரும் வெயில் அது. துளை முக்கோணமாகக் கிழிந்திருந்தாலும் தரையில் விழுவது வட்டம்தான். காரணம், அது சூரியனின் பிம்பம். துளை 3 மீட்டர் உயரத்தில் இருந்தால் பிம்பத்தின் அகலம் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர். கிரகணத்தின்போது துளைவழியே பிறை வடிவம் விழுவது ஏன் என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இப்னு அல்-ஹைதம் ஆராய்ந்து எழுதினார். 2019 டிசம்பர் 26 மதியம் மலேசியாவில் ஜொகூரின் தஞ்சோங் பியாயில் கங்கண கிரகணம் தெரிந்தபோது நெகிரி செம்பிலானிலும் சூரியனின் பெரும்பகுதி மறைந்தது. மேகம் விலகிய இடங்களில் தகரக் கூரை வீடுகளின் தரையில் வட்டங்கள் பிறைகளாகியிருக்கும்.

கேமராவின் அடிப்படை விதி இவ்வாறு கூரையிலேயே இருக்கிறது. அதனால்தான் வீட்டுக்குள் ஒளியையும் நிழலையும் படமெடுக்கக் கற்பவர்களுக்கு நெகிரி செம்பிலானின் ரந்தாவ், சிலியாவ், லாபு, பகாவ் பக்கத்துத் தோட்டங்களில் இன்னும் நிற்கும் பலகை வீடுகளைக் காட்ட விரும்புகிறேன். அங்கே அஞ்சடியின் (முன்தாழ்வாரத்தின்) தாழ்ந்த கூரை வானத்தை மறைத்துவிடும். வெயில் முதலில் வாசல் செம்மண்ணில் விழுந்து, அங்கிருந்து எழும்பித்தான் உள்ளே வரும். வாசற்படியில் உட்கார்ந்திருக்கும் பாட்டியின் முகத்தில் தாடைக்கு அடியிலிருந்து மெல்லிய செவ்வொளி படர்வது இதனால்தான். செம்பனை மரங்கள் வீட்டை நெருங்கி நின்றால் அதே ஒளி பச்சை கலந்து வரும். நம் கண் இந்த நிறங்களைச் சரிக்கட்டிவிடுகிறது, கேமரா பதிவுசெய்துவிடுகிறது.

சிரம்பான் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 2.7 பாகையில் இருக்கிறது. மார்ச் இறுதியிலும் செப்டம்பர் நடுவிலும் சூரியன் நேர் தலைக்கு மேல் வரும். தீபகற்பத்தின் கடிகாரம் 1982இல் அரைமணி முன்தள்ளப்பட்டதால், அந்த உச்சிப்பொழுது ஒன்றேகால் மணி வாக்கில் அமைகிறது. ஏப்ரல் முதல் செப்டம்பர் நடுவரை மதிய வெயில் வடக்குச் சன்னலுக்கு, மற்ற மாதங்களில் தெற்குச் சன்னலுக்கு. சென்னையில் வடக்குச் சன்னலுக்கு இந்த வாய்ப்பு நான்கு மாதங்கூடக் கிடையாது. இன்னொன்று: இங்கே சூரியன் ஏறக்குறையச் செங்குத்தாக ஏறுகிறது. பலகை இடுக்குகளின் வழியே நீண்ட கோடுகளாக விழும் சாய்வெயிலின் ஆயுள் ஒரு மணிநேரம்தான். விடியுமுன் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு)ப் போனவர்கள் அப்போது வீட்டில் இருக்க மாட்டார்கள். ஆகவே காலை ஒளியில் கிடைக்கும் முகங்கள் முதியவர்களும் குழந்தைகளுமே.

இனி சிக்கலான பகுதி. வாசலில் நேர்வெயிலின் வெளிச்சம் ஒரு லட்சம் லக்ஸ் இருக்கும். உள்ளறை மூலையில் 50 லக்ஸ் இருந்தாலே அதிகம். இரண்டாயிரம் மடங்கு வித்தியாசம், அதாவது ஒளி இரட்டிக்கும் ஒவ்வொரு முறைக்கும் ஒரு ஸ்டாப் என்ற கணக்கில் 11 ஸ்டாப். கைப்பேசி என்ன செய்கிறது? பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாக்கி, இருட்டை மேலே தூக்கி, வெளிச்சத்தைக் கீழே இறக்குகிறது. எல்லாம் தெரியும், ஆனால் அறை தெரியாது. நிழல் போனால் அந்த வீட்டின் ஆழமும் குளிர்ச்சியும் போய்விடுகின்றன. எனக்கு இது பெரிய இழப்பாகவே படுகிறது. இன்று மிஞ்சியிருக்கும் மிகப் பழைய நெகட்டிவ், 1835 ஆகஸ்டில் இங்கிலாந்தின் லேகாக் மாளிகையில் புகைப்பட முன்னோடி டால்பட் எடுத்தது, வீட்டுக்குள்ளிருந்து பார்த்த ஒரு சன்னல்தான். இந்தக் கலையின் தொடக்க காலத்திலேயே சன்னல் வெளிச்சம் இருக்கிறது.

ஆகவே திரையில் சன்னலோரத்தைத் தொட்டு எக்ஸ்போஷரைக் குறைத்து, கேமரா திருத்தாத ‘ரா’ கோப்பாக எடுங்கள். லைட்ரூம், ஸ்னாப்சீட் எதுவானாலும் ‘ஷேடோஸ்’ பட்டையை முழுதும் இழுக்காதீர்கள். அழகு மட்டுமல்ல, இயற்பியலும் அதைத் தடுக்கிறது. ஓர் இடத்தில் பத்தாயிரம் ஒளித்துகள் விழுந்தால் இயல்பான ஏற்ற இறக்கம் நூறு, அதாவது ஒரு விழுக்காடு. நூறு துகள் மட்டும் விழுந்தால் ஏற்ற இறக்கம் பத்து, அதாவது பத்து விழுக்காடு. இருட்டைத் தூக்கும்போது இந்தப் புள்ளிப்புள்ளியான இரைச்சலும் சேர்ந்து எழும்புகிறது.

ஒரே விலக்கு, முகம். பிரகாசமான வாசலை முதுகுக்குப் பின் வைத்து நிற்கும் கறுத்த முகத்தைக் கேமராவின் ஒளிமானி விழுங்கிவிடும். பலகாலம் வண்ணப்பட அச்சுக்கூடங்கள் ‘ஷெர்லி அட்டை’ எனப்பட்ட, வெள்ளைக்காரப் பெண் ஒருத்தியின் படத்தை வைத்தே தோல் நிறத்தைச் சரிபார்த்தன. நம் குடும்ப ஆல்பங்களில் எத்தனையோ பேர் கண்ணும் பல்லுமாக மட்டும் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். அறையை இருட்டாகவே விட்டு, தூரிகைக் கருவியால் கன்னத்தையும் கண்ணையும் மட்டும் அரை ஸ்டாப் உயர்த்தினால் போதும். நிறத்தை மட்டும் மாற்றாதீர்கள்.

சாமி மேடையின் எண்ணெய் விளக்கு ஏறக்குறைய 1900 கெல்வின், மேகவானம் 6500. இரண்டையும் சமன்செய்யும் வொயிட் பேலன்ஸ் கிடையாது. சன்னலொளியை அடிப்படையாக வைத்து, விளக்கை மஞ்சளாகவே விடுவது என் பழக்கம். திருத்தாத ரா கோப்பைத் தனியே சேமித்து, தோட்டத்தின் பெயர், வீட்டு வாசலின் திசை, மாதம், மணி நான்கையும் அதனுடன் எழுதி வையுங்கள். லயங்கள் இடிக்கப்பட்டபின், எந்த வாசலில் எந்த மாதம் வெயில் எப்படி விழுந்தது என்பதை அந்தக் குறிப்பிலிருந்துதான் கணக்கிட முடியும்.