தலையெழுத்தும் தாளெழுத்தும்

"எழுதியவன் எழுதிவிட்டான், அழித்தெழுத முடியுமா?" என்றார்கள். சுண்ணாம்புத் தொட்டியில் காலம் முழுதும் நின்று கால் வெந்த உழைப்பாளியைப் பார்த்து, "அது உன் தலையெழுத்து" என்றார்கள். நம் பாட்டன் நம்பினான், குனிந்தான். எழுதியதைத் திருத்தலாம், அழிக்கலாம், மீண்டும் எழுதலாம் என்று எடுத்துச் சொல்ல ஈரோட்டுக் கிழவர் வர வேண்டியிருந்தது.

அவர் வாயளவில் சொன்னவரா? தமிழ் எழுத்தையே திருத்தினார்! 1935இல் 'குடிஅரசு' ஏட்டில் லை, னை, றா போன்ற எழுத்துகளை எளிய வடிவில் அச்சிட்டுக் காட்டினார். 1978இல் அரசே ஆணையிட்டு ஏற்றது. தமிழ் அழிந்ததா? இல்லை. பிள்ளையின் சுமைதான் குறைந்தது!

எழுத்தையே திருத்திய இயக்கம் நம்முடையது. நம் பிள்ளைகள், தாம் எழுதியதைத் தாமே திருத்தக் கற்கிறார்களா? இன்று நாம் கேட்பது இதைத்தான்.

ஆம்பூரில், பேரணாம்பட்டில், வாணியம்பாடியில், ராணிப்பேட்டையில் தோல் ஷாப்பிலும் ஷூ கம்பெனியிலும் உழைக்கும் தோழர்களே! பச்சைத் தோலுக்கு முதல் நாளே மெருகு போடுவீர்களா? ஊற வைக்கிறீர்கள், மயிர் களைகிறீர்கள், சதை வழிக்கிறீர்கள், பதனிடுகிறீர்கள், சாயமேற்றுகிறீர்கள். மெருகு கடைசியில்தானே! பிள்ளையின் எழுத்துக்கு மட்டும் ஏன் முதல் வரியிலேயே சிவப்பு மை?

மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம்: "அம்மா கம்பெனிக்கிப் போனாங்க. வந்தாங்க. பல்லிக்கூடம் பத்திக் கேட்டாங்க."

"பள்ளியில் பல்லியா!" என்று ஆசிரியர் சுழித்தால், அந்தக் குழந்தை நாளை என்ன செய்யும்? கரும்பலகையைப் பார்த்து எழுதும். பிழையிராது, உயிரும் இராது.

மாறாக, அவள் எழுதியதைப் பக்கத்துப் பிள்ளைக்குப் படித்துக் காட்டட்டும். "அம்மா எப்போ வந்தாங்க? கை எப்படி இருந்தது?" என்று அவன் கேட்கட்டும். அவள் மீண்டும் எழுதுவாள்: "இருட்டிய பிறகு வந்தாங்க. விரலில் பசை காய்ந்திருந்தது." பார்த்தீர்களா, ஒரு தாயின் நாள் முழுதும் இரண்டு வரியில் வந்துவிட்டது! பல்லியைப் பள்ளியாக்குவது அதற்குப் பிறகு. ல, ள, ழ, ர, ற, ன, ண, அவளே தேடிப் பிடிக்கட்டும். பின்பு நல்ல தாளில் எழுதி, பெயரோடு சுவரில் ஒட்டட்டும்.

வீட்டில் உருதோ தெலுங்கோ பேசும் பிள்ளைக்கு இம்முறை இன்னும் தேவை. அதன் பிழை மடமை அன்று. இரு மொழிகளுக்கிடையே அது நடந்து வரும் தடம்.

வகுப்பில் நாற்பது பேர் இருந்தால் ஆசிரியருக்கு நேரமேது என்பர். இருவர் இருவராக அமர்த்தினால், பிள்ளைகளே ஒருவருக்கொருவர் முதல் வாசகர் ஆவார்களே!

1953இல் அரை நாள் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்று ராசகோபாலாச்சாரியார் ஒரு திட்டம் தந்தார். தோல் தொழிலாளி மகனுக்கு அந்த மீதி நேரம் எது? சுண்ணாம்புத் தொட்டிதானே! போராடினோம், 1954இல் காமராசர் ஆட்சியில் அது கைவிடப்பட்டது. அன்று நம் பிள்ளையைப் பள்ளியில் நிறுத்தினோம். இன்று பள்ளிக்குள்ளே அவன் சொந்தச் சொல்லை நிறுத்த வேண்டும்.

2022இல் கழக அரசு 'எண்ணும் எழுத்தும்' தொடங்கியது. பிள்ளைகளுக்கென 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' இதழ்களையும் கொண்டுவந்தது. நல்ல வித்து. ஆனால் நீர் ஊற்ற வேண்டியவர் யார்? நாம்தான். கலைஞர் பள்ளிப் பருவத்திலேயே 'மாணவர் நேசன்' என்ற கையெழுத்து ஏடு நடத்தியவர் அன்றோ! கிளைதோறும் படிப்பகத்தில் ஒரு பலகை மாட்டுங்கள். வாரம் ஒரு நாள் பிள்ளைகள் எழுதியதை அதில் ஒட்டுங்கள்.

"எனக்குப் படிக்கத் தெரியாதே" என்கிறாயா, தோழா? காது இருக்கிறதே! வேலை முடிந்து வந்ததும் மகளைப் படிக்கச் சொல். "பிறகு என்ன நடந்தது?" என்று கேள். அவள் ஓடிப்போய் இன்னும் ஒரு வரி எழுதுவாள்.

இன்று அம்மாவின் விரலைப் பற்றி எழுதித் திருத்துகிறவள், நாளை கூலி குறைந்தால் மனு எழுதுவாள். பிறர் எழுதிய தாளில் கண்ணை மூடிக் கைநாட்டு வைக்க மாட்டாள். தாளெழுத்தைத் திருத்தத் தெரிந்த பிள்ளையிடம் தலையெழுத்து என்று எவன் வந்து சொல்வான்? சொன்னாலும், "முதல் படி சரியில்லை, திருத்தி எழுதுகிறேன்" என்பாள் அவள்!